பாஸ்டர் சம்சாரம்

முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வல்லக்கோட்டை தாண்டும்போது இளையவள் சொன்னாள்:

“டைவர்ஸ் ஆனவளுக்கு ரெண்டாவது கல்யாணம் பண்ணிவைக்க பைபிள்ல எடமில்லைன்னுட்டாருக்கா பாஸ்டர்.”

மற்றவள் டிபன் பாக்ஸைப் பைக்குள் தள்ளினாள். “பொம்பளை சபையில பேசக்கூடாதுன்னும்தான் அதுல கீது. அவரு சம்சாரம் வாராவாரம் மைக் புடிச்சிப் பிரசங்கம் பண்ணலியா?”

“அதையும் கேட்டேன்க்கா. அது அந்தக் காலத்து ஊர் வழக்கமாம், இப்ப கெடையாதாம்.”

“அப்ப உன் விசயம்?”

“அது எந்தக் காலத்துக்கும் கர்த்தர் சொன்னதாம்.”

“எது வழக்கம், எது கர்த்தர் சொன்னதுன்னு யாரு பிரிச்சது?”

இளையவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

“சரி, மைக் புடிக்கிற அந்தம்மா இன்னா சொன்னாங்க?”

“பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தாங்க. வாயே தொறக்கலக்கா.”