மஞ்சள் கோட்டில் படுத்திருந்த நாய்

என் நாய்க்குக் காது கேட்காது. பதின்மூன்று வயதாகிறது, பெயர் பிஸ்கட். பட்டறையில் எந்த எஞ்சின் எப்படி அலறினாலும் அது பாட்டுக்குத் தூங்கும். அன்று அதை ஏன் எழுப்பினேன் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். ஷட்டர் வழியாக முகத்தில் வெயில் அடித்தது, அதனால் மேசைப் பக்கம் கூட்டிப் போனேன். அவ்வளவுதான்.

மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கெல்வின். மெல்பர்னில், சன்ஷைனில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வேகக் கார்களுக்கு ஃப்ளைவீலை இளைக்க வைப்பது என் தொழில். எஞ்சினுக்குப் பின்னால் கிளட்சை ஒட்டிச் சுற்றுகிற கனத்த தட்டு அது. கனம் குறைந்தால் எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். ரொம்பக் குறைத்தால் சிக்னலில் வண்டி அணைந்து அணைந்து போகும், பந்தயத்தில் கிளம்பும்போதே மூச்சுத் திணறும். இதை வருகிற ஒவ்வொருவனிடமும் சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, "இன்னும் ஒரு கிலோ எடுங்க" என்பான். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. வாய் வலித்ததுதான் மிச்சம்.

சுவரில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன். வார்ப்பிரும்பைக் கடைய மாட்டேன் என்று எழுதியிருக்கும். கம்பெனிக் காரோடு வரும் ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதைச் செதுக்கி மெலிதாக்கினால் வேகத்தில் வெடித்துவிடும். இளைத்த சக்கரம் வேண்டுமென்றால் எஃகில் புதிதாகச் செய்ய வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

வெடித்தால் துண்டுகள் முன்னும் பின்னும் போகாது. சக்கரம் சுற்றுகிற நேர்க்கோட்டில், பக்கவாட்டிலும் மேலேயும் பறக்கும். அதனால் கார்களை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் உருளைமேடைக்குப் பக்கத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். வண்டி ஓடும்போது அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

டேமியன் நாலு வருஷமாக வருகிறவன். மால்டாக் குடும்பம், ஏசி மெக்கானிக், முப்பத்து நாலு வயது. என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவான். அவன் மனைவி ரோசான் எனக்கென்று பஸ்திட்சி சுட்டு அனுப்புவாள், உள்ளே சீஸ் வைத்தது. நல்ல பெண். நான் அவன்மேல் வன்மம் வைத்திருந்ததாக நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். அப்படி இல்லை. ஒருவன் நாலு வருஷம் யோசனை கேட்பான், ஒன்றைக்கூடச் செய்ய மாட்டான் என்றால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

போன வருஷம் ஐந்தரைக் கிலோவுக்குக் கீழே போகாதே என்றேன். நாலுக்கு இறக்க வைத்தான். பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி விக்கி நின்றுபோனது. கார் கிளப்பே கூடியிருந்த இடத்தில், "கெல்வினுக்குக் கை நடுங்குதுப்பா, பேலன்ஸ் போச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனுக்குப் பின்னால்தான் சாஸேஜ் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கவில்லை.

அப்புறம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனி வார்ப்பிரும்புச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தலைவரே, ஜப்பான்லேர்ந்து ஸ்டீல் இன்னும் வரல. ஞாயித்துக்கிழமை பந்தயம். இதையே நாலரைக்குக் கொண்டாந்துடுங்க."

"போர்டைப் படிடா."

"மனப்பாடமே ஆயிடுச்சு. நெட்ல ஒருத்தன் இப்படித்தான் மூணு வருஷமா ஓட்டுறான், ஒண்ணும் ஆகல."

"அப்ப அவன்கிட்டயே போ."

"அவன் பிரேசில்ல இருக்கானே." சிரித்தான். "பயமா இருந்தா சொல்லிடுங்க. வயசாகுதுல்ல."

சரி, வெள்ளிக்கிழமை வா என்றேன். சக்கரத்தைச் சுற்றி எஃகுக் கவசம் ஒன்று போட்டுக்கொள் என்றும் சொன்னேன். வெடித்தாலும் துண்டுகள் வெளியே வராது. "பன்னெண்டு கிலோ தலைவரே, எடை குறைக்கத்தானே வந்திருக்கேன்" என்றான். வழக்கமாக மூன்று முறை சொல்வேன். அன்று ஒரு முறையோடு விட்டுவிட்டேன்.

சுத்தமாகக் கடைந்தேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது. முடித்ததும் கொக்கியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பேன். வார்ப்பிரும்பு எஃகு மாதிரிப் பாடாது, ஆனாலும் கொஞ்சம் ரீங்காரம் இருக்கும். இது டொக் என்றது. அப்படியென்றால் உள்ளே எங்கோ கீறல் விட்டிருக்கிறது. இன்னொரு தடவை தட்டினேன். டொக். துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, டப்பாவில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து, ஜாக்கெட்டை வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே நுழைந்தான். கையில் பஸ்திட்சிப் பொட்டலம். "நீங்க பாக்குறீங்கன்னா நிம்மதின்னு ரோசான் சொல்றா" என்றான். இரண்டு சாப்பிட்டேன். கியர்பாக்ஸை இறக்கி, சக்கரத்தைப் பூட்டி, மறுபடி ஏற்றி முடிக்க மூன்று மணியானது. காரை மேடையில் ஏற்றினோம். படம் பிடிக்கப் போனை ஸ்டாண்டில் வைத்தான். என் காரை நான்தான் மிதிப்பேன் என்பது அவன் பழக்கம், உட்கார்ந்துகொண்டான்.

"எவ்ளோ வரைக்கும் போலாம் தலைவரே?" என்று கேட்டான்.

நாலு வருஷத்தில் அவன் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஒரே கேள்வி அது. உனக்கே தெரியுமே என்றேன்.

நிமிஷத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு சுற்றில் வெடித்தது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று காரின் தரையைப் பிளந்துகொண்டு அவன் இடது பாதத்தை எடுத்தது. என் பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டியது நான், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும் தலைவரே" என்று அழுதான். ரோசானும் எனக்கு நன்றி சொன்னாள். என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவன் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அந்தப் போனில் இருக்கும் படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இல்லாவிட்டால் நாயைப் பற்றி விடாமல் கேட்க மாட்டீர்கள். சரி. பிஸ்கட் எப்போதும் அந்த மஞ்சள் கோட்டின் மேல்தான் படுக்கும், அதன் சாக்கு அங்கேதான் கிடக்கும். நான் எஃகில் செய்த சக்கரம் எதற்காகவும் அதை எழுப்பியதில்லை, என் வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அன்று எழுப்பினேன். உடையும் என்று தெரியும்.

ஆனால் ஒன்று, நான் சொல்லாமல் இல்லை. கார்க் கதவைச் சாத்தப் போனவன், "நாயை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டான். வெயில் அடிக்குதுடா என்றேன். விடிந்ததிலிருந்து தகரம் அதிர மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அதைக்கூட அவன் காதில் வாங்கவில்லை, பாருங்கள்.