ஏழாம் பிரஸ்ஸின் கம்ப்யூட்டர்

பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கலாமா, அசெம்பிள் செய்துகொள்ளலாமா என்று யார் கேட்டாலும் பிராண்டட் வாங்குங்கள் என்பேன். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகமும் நல்லதாகவே இருக்கும்; ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்பதுதான் சந்தேகம். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் வேலை. அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன் சார்.

தகடு அழுத்தும் ஏழாம் பிரஸ்ஸுக்குள் கை போனால் சென்சார் சொல்லும். பக்கத்துக் கம்ப்யூட்டர் பிரஸ்ஸை நிறுத்தும். அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு ஒருநாள் போய்விட்டது. அதே மாடல் கம்ப்யூட்டர் மேனேஜர் மேஜையில் இருந்தது. அதன் போர்டைக் கேட்டால் முகம் சுளிப்பார். சூப்பர்வைசர் கோபிநாத் வேறு, "இன்னா ஸ்ரீவத்ஸன், லைன் நின்னுகினு கீது. எதனா போட்டு ஓட்டு" என்று தலைமேல் நின்றார். எனக்கும் அலுத்துவிட்டது. கையிலிருந்த வேறு கம்பெனி போர்டைப் போட்டேன். சென்சார் கார்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. சூடேறினால் மட்டும் கண் இமைக்கும் நேரம் ஹேங் ஆனது. சோதிக்கும்போதே பார்த்தேன். "ஓடுது சார்" என்று மட்டும் சொன்னேன்.

கவிப்பிரியா என்ற பெண், சுங்குவார்சத்திரத்தில் தங்கி வேலைக்கு வந்தவள், அந்தப் பிரஸ்ஸில் வலது கையை இழந்தாள். பிரஸ் நிற்கவில்லை என்றாள். கவனக்குறைவு என்றது நிர்வாகம். யார் சொல்வது சரி என்பது கேமரா பதிவில் இருந்தது. அது பதிவான டிஸ்க் என் அறைக் கம்ப்யூட்டரில் இருந்தது.

பவர் சப்ளை ஒயர்களில் ஒரு விஷயம் உண்டு. ஒரு கம்பெனியின் ஒயர் இன்னொன்றின் பவர் சப்ளையில் அழகாகப் பொருந்தும். உள்ளே கரண்ட் வரும் வரிசை வேறு; மாற்றிச் சொருகினால் டிஸ்க் கருகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். பதிவுக் கம்ப்யூட்டரில் அப்படியொரு ஒயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். லேசாகக் கருகல் வாசம் வந்தது. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. எவருக்கும் நேரக்கூடிய தவறுதானே.

கட்டுப்போட்ட கையோடு அவள் வந்தாள். "அண்ணா, அந்த டிஸ்க்லேந்து எதனா எடுக்க முடியுமாண்ணா? எம்மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்க."

"முடியாதும்மா" என்றேன். பாவமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸை இடது கையால் பிடிக்கத் தடுமாறினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிறகாவது போர்டை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். அதுவேதான் இன்றும் ஓடுகிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஷிஃப்டில் அங்கே நிற்பவன் இனியவன். போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. பார்த்து வேலை செய்யப்பா என்று தினமும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் என் அறைக்குப் போகிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்ய முடியும்?