நெட்டையனை இறக்கியது யார்

“நேத்து ஜெயிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கலைண்ணாச்சி.”

திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், மடியில் விதைப்பையோடு இருந்தவர் சொன்னார். முந்தின நாள்தான் அருப்புக்கோட்டைக் கூடைப்பந்து டீம், மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்துப் பைனலுக்குப் போயிருந்தது.

“ஏம்ப்பா? கோச்சு பிரமாதமா ஆட வச்சாகளே! கடைசி ரெண்டு நிமிசத்துல அந்த நெட்டையன எறக்குனாக பாரு, அங்கதான் ஆட்டமே திரும்புச்சு” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

“அவன எறக்கச் சொன்னதே நான்தான்.”

“நீயா?”

“கோட்டுக்கு வெளிய நின்னு, ‘நெட்டையன விடுங்க சார்’னு கத்துனேன். எல்லாரும் கத்துறதுதான? கோச்சு திரும்பி என்னைய ஒரு பார்வ பாத்தாக. ஒடனே எறக்கிட்டாக.”

“நல்லதுதானப்பா!”

“என்ன நல்லது? நான் வெதக்கடக்காரன். எனக்கு இந்த ஆட்டத்துல என்ன தெரியும்? பய நெட்டையா இருந்தான், சொன்னேன்.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்து நகர்ந்தார்.

“சரி, நாளைக்குப் பைனலுக்கு வாரியா?”

“வராம எப்பிடி? காலையில கோச்சே கடைக்கு வந்து, ‘நாளைக்கும் அதே எடத்துல நில்லுங்க’ன்னு சொல்லிட்டுப் போறாக.”