மாடிக்கும் மாடிக்கும் நடுவே

லிஃப்டில் மாட்டிக்கொண்ட மனிதனைப் போல மரியாதை தெரிந்தவன் உலகத்தில் கிடையாது ஐயா. வெளியே என்னைப் பார்த்தால் விரலைச் சொடுக்குகிற மேனேஜர்கூட, இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனால் "அண்ணே, இருக்கீங்களாண்ணே?" என்பார். லிஃப்ட் மெக்கானிக்காகப் பிழைத்ததில் நான் கற்ற ஒரே தத்துவம் இதுதான்.

என் மகனைப் பற்றித் தெருவில் விசாரித்திருப்பீர்கள். அங்கே அவன் பெயர் பூகம்பம். நான் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. பதினைந்து வயது. வகுப்பு வாத்தியாரின் மூக்கை உடைத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பைக் சீட்டைப் பிளேடால் கிழித்தான். ஏன் என்று கேட்டதற்கு மறுநாள் பைக்கையே கொளுத்தினான். கதவை அறைந்து சாத்தியதில் என் மனைவியின் இரண்டு விரல்கள் நசுங்கின. "வேணும்னு செய்யலைங்க, கோவத்துல பண்ணிட்டான்" என்று கட்டுப் போட்ட கையோடு அவனுக்கே வக்காலத்து வாங்கினாள். என்னை அவன் "யோவ்" என்பான். மனசு குளிர்ந்திருந்தால் "என்னய்யா".

பள்ளியில் ஆலோசனை சொல்கிற அம்மா, "பொறுமையா உக்காந்து பேசுங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். எதிர் நாற்காலி என்னை நோக்கிப் பறந்து வந்தது.

அந்தச் சமயம் பள்ளிக்கு வரக்கூடாது என்று கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தனியே விட்டால் வீடு மிஞ்சாதே என்று வேலைக்குக் கூட்டிப் போனேன். ஓர் அலுவலகக் கட்டிடம். பின்பக்கத்துச் சரக்கு லிஃப்டில் இருவரும் ஏறினோம். கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டது. முதலில் கதவை உதைத்தான். அப்புறம் என்னையும் என் பரம்பரையையும் திட்டினான். அப்புறம் இருட்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கீழ விழுந்துடுமாப்பா?" என்றான்.

ஒரே மூச்சில் இரண்டு அப்பா. உள்ளிருந்தே கதவைத் திறக்கும் வித்தை எனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி நின்றேன்.

சில நாள் கழித்து அவன் அம்மா மீது சுடுசோற்றுத் தட்டை வீசினான். நான் கை ஓங்கவில்லை. இன்றுவரை அவனை அடித்ததே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே கட்டிடத்துக்கு வேலைக்குக் கூட்டிப் போய், "மேல என் பை இருக்கு, எடுத்துட்டு வாடா" என்று தனியே ஏற்றிவிட்டேன். படியேறி மோட்டார் அறைக்குப் போய் லிஃப்டை நிறுத்தினேன். உள்ளே ஆபத்துக்குப் பேச ஒரு போன் உண்டு. அதன் மறுமுனை மோட்டார் அறையில்தான்.

"யோவ், திற."

திறக்கவில்லை.

"என்னய்யா, வெளையாடுறியா?"

திறக்கவில்லை.

"அப்பா... தண்ணி வேணும்ப்பா."

திறந்தேன். அவ்வளவுதான் பாடம். ஆரம்பத்தில் ஏமாந்து ஏறினான். பிறகு ஏறு என்றால் ஏறினான். வளர்ப்பு என்பது அதுதானே?

பலன் கைமேல் தெரிந்தது. "மந்திரிச்சு விட்ட மாதிரி இருக்கான்ல? தட்டைக்கூட அவனே கழுவி வைக்கிறான்" என்று மனைவி பூரித்துப்போனாள். அவள் தம்பி, "மாமா, என்ன மருந்து குடுத்தீங்க? என் வீட்டு வானரத்துக்கும் ஒரு வேளை குடுங்க" என்றான். "தொழில் ரகசியம், மச்சான்" என்றேன்.

ஆனால் பையன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அப்பா இல்லை, யோவ்கூட இல்லை. எது வேண்டுமானாலும் அம்மாவிடம் கேட்டான். நான் அறைக்குள் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு உறுத்தியது.

நேற்று விடுமுறை, கட்டிடத்தில் ஈ காக்கை இல்லை. மதியம் கூட்டிப் போனேன். லிஃப்ட் வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி, "நான் ஒண்ணும் பண்ணலையே" என்றான்.

"தெரியும். ஏறு" என்றேன்.

தகரக்கூரைக்கு நேர் கீழே, உச்சியில் நிறுத்தினேன். போனைக் காதில் வைத்தேன். லிஃப்டுக்குள் ஓடும் விசிறியின் இரைச்சல்தான் கேட்டது. ஒருவேளை பிள்ளை கூப்பிட்டு, அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போய்விட்டால்? அதனால் மோட்டார் அறையிலிருந்தே விசிறியை அணைத்தேன். இப்போது துல்லியமாகக் கேட்டது. மூச்சு மட்டும்.

காத்திருந்தேன். எனக்கும் வியர்த்துக் கொட்டியது. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தேன். மனைவி செல்போனில் கூப்பிட்டு, "புள்ளை எங்கங்க?" என்றாள். "தொழில் கத்துக்கறான்" என்றேன். மறுபடி லிஃப்ட் போனை எடுத்தபோது மூச்சும் கேட்கவில்லை. வேண்டுமென்றே அடக்குகிறான் என்று நினைத்தேன். வீம்பு, எங்கள் வம்சத்துச் சொத்து. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

பொழுது சாயும்போது திறந்தேன். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு கொதித்தது, உயிர் இல்லை. வெப்பம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். நான்தான் கொன்றேன் என்று மனைவி சொல்கிறாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. லிஃப்டை நிறுத்தியவன் நான். விசிறியை அணைத்தவன் நான்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. போன் அவன் காதுப் பக்கத்திலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். பெற்றவனைக் கூப்பிட ஒரு பிள்ளைக்கு அப்படி என்ன பிடிவாதம், நீங்களே சொல்லுங்கள்.