அண்ணன் கீழ்த்தளத்தில் கிடந்த பகல்

கப்பல் பயணம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வார்கள். எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. நாகப்பட்டினத்தில் ஏறிய அன்று ஒரு தடவை குமட்டியதோடு சரி. மறுநாள் நானாகவே போய் இன்னொரு தட்டுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் கேட்டதால் அந்தப் பகலைப் பற்றி முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், ஐயா. இடையில் எதையும் விட மாட்டேன்.

என் பெயர் நாகராசு. புதுக்கோட்டைப் பக்கம் திருக்கோகர்ணம் சொந்த ஊர். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், சேவுகன். அப்பா இறந்தபோது நான் சின்னப் பையன். அண்ணன்தான் என்னை வளர்த்தார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சட்டைத்துணி வரும். அதை எந்தத் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் கூடவே வரும். முனியாயி என்றொரு பெண்ணை அவர்தான் எனக்குப் பேசினார். எனக்கும் பிடித்துப்போனது. பிறகு அந்தக் குடும்பம் சரிப்படாது என்று அவரே வேண்டாம் என்றார். விசாரித்துத்தான் சொன்னார். அவர் சொன்னபடியே அவளுடைய அண்ணன்மார் பின்னால் கோர்ட்டு, கேஸ் என்று அலைந்தார்கள். அண்ணன் சொன்ன எதுவும் தப்பாகப் போனதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசியில் என்னையும் பினாங்குக்குக் கூட்டிப் போனார். கடையில் சொந்த ஆள் ஒருவன் இருக்க வேண்டுமாம். அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. போகிறாயா என்று கேட்கவில்லை. பெட்டியையும் அவர்தான் அடுக்கினார்.

கரை மறைந்ததிலிருந்தே அண்ணனுக்கு வயிற்றில் வலி. வலது பக்கம், அடிவயிற்றில். யாருக்கும் தெரியாமல் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். நான் சொல்கிற நாள் விடியும்போது காய்ச்சலும் வந்திருந்தது. கப்பல் டாக்டரிடம் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"வாயத் தொறக்காதடா. காய்ச்சல்னு தெரிஞ்சா, தொத்து நோயின்னு பினாங்குக்கு முன்னால ஒரு தீவுல எறக்கி அடைச்சுப் போட்ருவான். நம்மால மொத்தக் கப்பலும் கெடக்கணும். நீ மேல போயி காத்தாட இரு. நான் செத்த தூங்குறேன்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் செய்தேன். மேல்தளத்துக்குப் போனேன்.

கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. ஓர் அலை இல்லை. கித்தான் பந்தலின் நிழலில் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தேன். தகரக் குவளையில் டீ கொடுத்தார்கள். மீன்கள் தண்ணீரிலிருந்து கூட்டமாக எழும்பி, பறந்து, மறுபடி விழுந்தன. நார்த்தாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர், சந்தனம் என்று பெயர், சீட்டாடக் கூப்பிட்டார். எனக்கு ஆடத் தெரியாது; அண்ணனுக்குச் சீட்டு பிடிக்காது. சந்தனமே சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டேன். போட்டுக்கொள் என்று சொல்ல யாரும் இல்லை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்படியொரு பகலை அதற்கு முன் நான் கண்டதில்லை.

உச்சிவேளைக்குக் கீழே போனேன். கீழ்த்தளத்தில் எஞ்சின் சூடும் வாந்தி நாற்றமுமாக இருந்தது. அண்ணன் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார்.

"டேய் நாகு, டாக்டரக் கூட்டியாடா. தீவாவது ஒண்ணாவது. முடியலடா."

"இந்தா, கூட்டியாரேண்ணே" என்றேன்.

மாடிப்படி ஏறினேன். டாக்டர் அறை இடது பக்கம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பது தெரிந்தது. நான் வலது பக்கம் திரும்பினேன். சந்தனம் எனக்கும் சேர்த்துச் சீட்டைப் போட்டு வைத்திருந்தார். அந்த ஆட்டம் முடிந்ததும் போகலாம் என்று நினைத்தேன். டாக்டர் வந்து, அண்ணனைத் தூக்கி, மேலே கொண்டுவந்து, மருந்து கொடுத்துவிட்டால் அண்ணன் அந்தப் பந்தலடியில்தான் படுப்பார். கண் திறந்ததும் என் சட்டை எங்கே என்று கேட்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

மறுபடி கீழே போனபோது, "டாக்டர்கிட்டச் சொல்லிட்டேண்ணே. வாராராம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் கொடுத்தேன். அது தங்கவில்லை.

பக்கத்துப் பாயில் ரஹீமா பீவி என்று ஓர் அம்மா இருந்தார்கள். மணமேல்குடிக்காரர், மகனைப் பார்க்கப் பினாங்கு போகிறவர். அவர்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, ஒங்கண்ணனுக்கு ரொம்ப மோசமா இருக்கே. நான் போயி டாக்டரக் கூட்டியாரட்டா?" என்று கேட்டார்கள்.

"வேணாங்கம்மா. நீங்க அந்தப் பக்கம் போயிருந்தப்ப அவரு வந்து பாத்துட்டாருங்க. மருந்து குடுத்திருக்காரு. தூங்கட்டும்னு சொன்னாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். முகம் தெளிந்துவிட்டது. அவர்களே முந்தானையால் அண்ணனுக்கு விசிறிவிட்டார்கள். பொய் சொன்னதில் ஒருவருக்கு நிம்மதி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு மேலே போய்த் தூங்கினேன். நல்ல தூக்கம்.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. டாக்டர் காற்று வாங்க வந்தவர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். நம் பக்கத்துப் பேச்சுத்தான். எந்த ஊர் என்றார். புதுக்கோட்டை என்றேன். கடல் எப்படி இருக்கிறது என்றார். சுகமாக இருக்கிறது என்றேன்.

"தனியாவா போறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, தனியாத்தான்" என்றேன்.

ஐயா, மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. காலையில் அண்ணனே தடுத்தார். மத்தியானம் ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். இதற்குக் காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. டாக்டர் கையெட்டும் தூரத்தில் நின்றார். பொய் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அண்ணன் பிழைக்கக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே போனேன். ரஹீமா பீவி தொழுகைக்கு ஒதுங்கியிருந்தார்கள். வலி விட்டுவிட்டது என்றார் அண்ணன். வயிறு பலகை மாதிரி இருந்தது. கை கால் சில்லிட்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம்டா நீ. காலையிலேர்ந்து எனக்காக ஏறி எறங்கிக்கிட்டே இருக்க. அந்த டாக்டருப் பய வரவே இல்ல பாரு. நீ சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேண்ணே."

அவ்வளவுதான் பேசினோம். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். ரஹீமா பீவிதான் முதலில் அழுதார்கள்.

அப்போதுதான் டாக்டரைக் கூட்டி வந்தேன். அண்ணனைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே மேலே கூட்டிப் போனார். காலையில் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். தீவுக்குப் பயந்து அண்ணன் சொல்லவிடவில்லை என்றேன். அண்ணன் கூட வருகிறார் என்றால் விசாரிப்பார்களோ என்றுதான் தனியாக வந்ததாக அவரிடம் சொன்னேன் என்றும் சொன்னேன். படிக்காதவன் என்று விட்டுவிட்டார். விடிந்ததும் துணியில் தைத்து, காலில் இரும்பைக் கட்டி, பலகையைச் சாய்த்தார்கள். சத்தமே கேட்கவில்லை.

கடையை என்னால் நடத்த முடியவில்லை. விற்றுவிட்டு ஊருக்கு வந்தேன். டாக்டரைக் கூப்பிடக்கூட நேரமில்லாமல் போய்விட்டது என்று அண்ணி பிச்சையம்மாளிடம் சொல்லியிருந்தேன். போன மாதம் ரஹீமா பீவி பினாங்கிலிருந்து திரும்பினார்கள். துக்கம் கேட்க மணமேல்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். டாக்டர் வந்து மருந்து கொடுத்தும் பிழைக்கவில்லையே என்று அண்ணியின் கையைப் பிடித்து அழுதார்கள்.

அண்ணி அவர்களைச் சாப்பிட வைத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

"தம்பி, டாக்டரு வந்தாரா, வரலையா?" என்று கேட்டார்.

"நான் கூப்புடலைங்கண்ணி" என்றேன்.

அண்ணி எழுந்தார். சேலையை மாற்றிக்கொண்டு, என்னை முன்னால் நடக்கவிட்டு, இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டுப் போனார். கப்பலில் நடந்ததற்கு இங்கே எந்தச் சட்டம் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. சாட்சியும் இல்லை. தண்டனை கிடைக்காமலும் போகலாம். வீட்டுக்குப் போ என்று நீங்கள் சொன்னால் போக எனக்கு வீடு கிடையாது.

அண்ணனைக் கொன்றது நான்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிமேல் நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அண்ணன் மட்டும் இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.