மாடிக் கதவைத் திறக்கச் சொன்ன தீர்மானம்

சாட்சி எண் நான்கு. பெண், வயது ஐம்பத்தொன்று. தொழில், பள்ளி அலுவலக எழுத்தர். விலாசம், பள்ளிக்குப் பின்தெரு, பால் டிப்போவுக்கு எதிர்வீடு. விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவர் தையல்காரர். நான் மேற்படி பள்ளியில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருந்து வருகிறேன். நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச்சைக் குறித்துக்கொண்டு, மறுநாள் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. குழுத் தலைவர் மரக்கடை வைத்திருக்கிறார். அவர் என் பெரியப்பா மகன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தலைமையாசிரியை கூட்டத்தில் பேசலாம். ஓட்டுப் போட முடியாது.

மழைக்காலம் முடிந்த சமயம் மாடி வராந்தாவின் கைப்பிடிச்சுவரில் விரிசல் கண்டது. தலைமையாசிரியை மாடிப்படிக் கதவைத் தன் கையாலேயே பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். மாடியில் இருந்த நான்கு வகுப்புகளும் கீழே வந்துவிட்டன. அதில் இரண்டு வகுப்புகள் சாப்பாட்டுக் கூடத்தில் முதுகோடு முதுகாக நடந்தன. இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் வரலாறு. ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெற்றோர் தலைவரின் கடைக்கே போய்ச் சத்தம் போட்டார்கள்.

அதன் பிறகு நடந்த கூட்டம் மூன்றரை மணி நேரம் நீண்டது. தலைமையாசிரியை, "சுவரை இடிச்சுக் கட்டாம பிள்ளைங்கள மேல ஏத்த முடியாதுங்க" என்றார். தலைவர், "கட்டத்தான் போறோம் டீச்சர். பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் யாரும் சாயாம பாத்துக்குங்க" என்றார். இதையே இருவரும் நாலைந்து தடவை சொன்னார்கள். கடைசியில் மாடியைத் திறக்கலாம் என்று உறுப்பினர்கள் ஏழு பேரும் கை தூக்கினார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "எனக்குச் சம்மதமில்லன்னு எழுதிக்கோம்மா" என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் எழுதும்போது, "தலைமையாசிரியையின் ஒப்புதலுடன் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதும்படி யாரும் சொல்லவில்லை. எல்லாத் தீர்மானத்தின் கீழேயும் நான் எழுதுகிற வரி அது. நாற்காலி வாங்கியபோதும் அதே வரி, மணியை மாற்றியபோதும் அதே வரி. கை தானாக எழுதிவிட்டது. அன்று மூன்று ஆசிரியர்கள் விடுப்பு. தலைமையாசிரியை தானே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று புத்தகத்தை நீட்டினேன். "நேத்துப் பேசினதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாக்பீஸ் கையோடு உள்ளே திரும்பினார்.

அதன் பிறகு குழுவின் முடிவுப்படி மாடிக் கதவை நான்தான் திறந்தேன். தலைமையாசிரியை வராந்தா நெடுகச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கயிறு கட்டச் சொன்னார். ஒவ்வொரு இடைவேளையிலும் மூச்சு வாங்க மாடியேறிப் போய் நின்றார்.

பதினோராம் நாள் மதிய இடைவேளையில் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்ததால் அவர் கீழே இருந்தார். அப்போது இரண்டு மாணவிகள் கயிற்றைத் தாண்டிச் சுவரில் சாய்ந்திருக்கிறார்கள். ஓவிய ஆசிரியர் ஓடிப்போய் இருவரையும் உள்ளே இழுத்துவிட்டு, சுவரோடு தானும் கீழே விழுந்தார். அலுவலகத்தில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது; பெஞ்சை யாரோ இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே போய்ப் பார்த்தபோது அவர் செங்கல்லுக்கு நடுவில் கிடந்தார். "ரெண்டும் மேலதானே இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

மறுநாள் மாலை குழு கூடியது. மாடியைத் திறக்கச் சம்மதித்தவர் தலைமையாசிரியைதானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். புத்தகத்தைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நான் அப்படிச் சொல்லலியேம்மா" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன்.

அதன் பிறகு ஆறு நாள் வேலைக்குப் போய் வந்தேன். ஏழாம் நாள் என் கணவர், "தட்டுல கைய வச்சுக்கிட்டு எங்க பாக்கறே?" என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். "முதல்ல உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அடுத்தவங்க வாயால அவர் கேக்கக் கூடாது" என்றார்.

இன்று காலை மரக்கடைக்குப் போனேன். அண்ணன் பலகை அளந்துகொண்டிருந்தார். நான் எழுதியது பொய், ஸ்டேஷனில் சொல்லப் போகிறேன் என்றேன். அளவு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அவங்க மாட்டேன்னு சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. நீ படிச்சப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் பேசாம இருந்தேன்" என்றார். பிறகு, "எதுல போகப் போறே?" என்று கேட்டார். பஸ்ஸில் என்றேன். "வெயில்ல எதுக்கு? வா" என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

இப்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னுடையதை எழுதி முடித்ததும் தன்னையும் கூப்பிடச் சொன்னார்.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாக வந்து சொன்ன மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(கையொப்பம்)
சாட்சி எண் நான்கு