இரண்டாவது கம்பி

குந்தவை: பொய் சொல்றீங்க டாக்டர். போன வாரமும் எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்னு சொன்னீங்க.

டாக்டர் செம்மொழி: அது என் தப்புதான். இன்னைக்கு எறும்புப் பேச்சே கிடையாது. இந்தக் கண்ணாடியைப் பாரு...

குந்தவை: இதுவா கண்ணாடி? டப்பா மாதிரி இருக்கு.

செம்மொழி: டப்பாதான். ஆனா மாட்டிக்கிட்டா நீ இந்த ரூம்லயே இருக்க மாட்ட. கடலுக்கு அடியில இருப்ப.

குந்தவை: மூக்குல தண்ணி ஏறாதா?

தியாகராசன்: ஏய் பாப்பா, டாக்டரம்மாவைக் கேலி பண்ணாத.

செம்மொழி: பண்ணட்டும் சார். மனசைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா பாதி வலி தெரியாது, குந்தவை.

குந்தவை: மீதிப் பாதி?

செம்மொழி: அதுக்குத்தான் நான் மெதுவா எடுக்கப் போறேன்.

தியாகராசன்: டாக்டரம்மா... மயக்க ஊசியே போட்டுட்டா என்னங்க?

செம்மொழி: ரெண்டு கம்பிக்காகவா? முழங்கை எலும்பு நல்லா ஒட்டியாச்சு. கம்பி நுனி வெளியதான் நீட்டிட்டு நிக்குது. அப்படியே உருவ வேண்டியதுதான். ஆனா இன்னைக்கும் எடுக்க விடலேன்னா திரும்ப ஆபரேஷன் தியேட்டர்தான். சுத்தித் தோல் செவக்க ஆரம்பிச்சிருக்கு. இதுக்கு மேல விட்டா சீழ் வச்சிடும்.

தியாகராசன்: தியேட்டர் வேணாங்க. மதகுலேர்ந்து குதிச்சு ஒடிச்சுக்கிட்டா பாருங்க, அன்னைக்கு ஆபரேஷன் முடியுற வரைக்கும் தியேட்டர் கதவுகிட்ட நின்னதே போதும்.

குந்தவை: நானும் போக மாட்டேன்.

செம்மொழி: அப்ப மாட்டிக்க. இறுக்கமா இருக்கா?... சார், நீங்க வெளிய இருக்கீங்களா?

தியாகராசன்: இல்லீங்க. நான் இந்தப் பக்கத்துக் கையைப் புடிச்சுக்கிறேன்.

செம்மொழி: போன வாரம் நான் கம்பியைத் தொட்டு இவ கத்தினதுமே மயங்கி விழுந்தது யாரு?

குந்தவை: அப்பாதான். அப்பாவுக்கு மட்டும் சோடா வாங்கிக் குடுத்தீங்க.

தியாகராசன்: அது... காலையில சாப்பிடாம வந்துட்டேங்க.

குந்தவை: கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல நாலு இட்லி தின்னீங்க.

தியாகராசன்: வாயை மூடு.

செம்மொழி: சரி சரி. ஸ்டூல்ல உக்காருங்க. காயத்தைப் பாக்கக் கூடாது, பொண்ணு முகத்தை மட்டும் பாருங்க. குந்தவை, என்ன தெரியுது?

குந்தவை: நீலமா... அப்பா, மேல பாத்தா மேலயும் தண்ணி.

செம்மொழி: ஆமை வரும். எண்ணிக்கிட்டே இரு. மருந்து தடவறேன், சில்லுன்னு இருக்கும்.

குந்தவை: ஒண்ணு... ரெண்டு... அது என் மேலேயே வருது. போயிடுச்சு... அப்பா, திமிங்கலம். நம்ம ஊரு ரைஸ்மில் அளவு.

தியாகராசன்: அவ்ளோ பெருசா?

குந்தவை: கண்ணு மட்டும் சின்னது. என்னையே பாக்குது.

செம்மொழி: ஒண்ணு வந்துடுச்சு.

குந்தவை: என்ன வந்துச்சு?

செம்மொழி: கம்பி.

குந்தவை: எப்ப எடுத்தீங்க?

செம்மொழி: நீ ரைஸ்மில்லு பாத்துக்கிட்டு இருந்தப்ப.

தியாகராசன்: நெசமாவா... பாப்பா, வலிக்கல?

செம்மொழி: சார், அதை மட்டும் கேக்காதீங்க. கடலைப் பத்திக் கேளுங்க. ரெண்டாவது கொஞ்சம் இறுகிப் போயிருக்கு. நான் தலை நிமிர முடியாது, நீங்கதான் பேச்சுக் குடுக்கணும்.

குந்தவை: டாக்டர்...

செம்மொழி: சொல்லும்மா.

குந்தவை: அப்பா, உங்க கை ஏன் இப்படி நடுங்குது?

தியாகராசன்: ஏசிதான்... வேற ஒண்ணுமில்ல.

செம்மொழி: என்னமோ சொல்ல வந்தியே?

குந்தவை: ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க எடுங்க.

தியாகராசன்: இப்ப... இப்ப என்ன வருது?

குந்தவை: மீனு.

தியாகராசன்: என்ன மீனு?

குந்தவை: விரால்.

தியாகராசன்: கடல்ல விராலா?

குந்தவை: ஆமா. குஞ்சுங்களும் கூடவே வருது.

தியாகராசன்: ...குஞ்சு செவப்பா இருக்கா?

குந்தவை: செவப்பாத்தான்... ஸ்ஸ்...

செம்மொழி: அசையாதம்மா. இன்னும் கொஞ்சம்தான்.

தியாகராசன்: அப்புறம்? விராலுக்குப் பின்னாடி என்ன வருது?

குந்தவை: வாத்து.

தியாகராசன்: வாத்தா?

குந்தவை: அறுத்த வயல்ல மேய விடுவாங்கள்ல... அந்த மாதிரி. நெறைய.

தியாகராசன்: எத்தனை உருப்படி இருக்கும்?

குந்தவை: நூறு... இல்ல, நூத்தம்பது...

தியாகராசன்: ஓட்டிட்டு வர்ற ஆளு இல்லியா?

குந்தவை: இருக்காரு. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு... கையில கோலு... தண்ணிக்குள்ளயே பீடி... அம்மா...

செம்மொழி: வந்துடுச்சு. அவ்ளோதான், முடிஞ்சுது.

தியாகராசன்: முடிஞ்சுதா... டாக்டரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

செம்மொழி: நீங்க விழாம இருந்தீங்களே, அதுவே பெரிசு. போய் மூஞ்சியக் கழுவிட்டு, அவங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க.

தியாகராசன்: வராண்டாவுலதான் இருக்கேன் பாப்பா.

செம்மொழி: தலையைக் காட்டு, கழட்டறேன்... இதென்ன? உள்ள ஒண்ணுமே தெரியலியே.

குந்தவை: அப்பா போயிட்டாங்களா?

செம்மொழி: போயிட்டாரு. எப்ப நின்னுச்சு?

குந்தவை: மொதல் கம்பி எடுத்தீங்கள்ல, அதுக்கப்புறம். சார்ஜ் இல்லேன்னு எழுத்து வந்துச்சு. அப்புறம் ஒரே இருட்டு.

செம்மொழி: அய்யோ... காலையிலேர்ந்து நாலு பேருக்கு மாட்டினேன். சார்ஜைப் பாக்கவே மறந்துட்டேன். மன்னிச்சுக்கம்மா. ஏன் சொல்லல நீ?

குந்தவை: சொல்லத்தான் வந்தேன். அப்பா கை உதறுச்சு. சொன்னா மறுபடியும் விழுந்துடுவாங்க.

செம்மொழி: அப்ப அந்த விரால், வாத்தெல்லாம்...

குந்தவை: வாயில வந்ததைச் சொன்னேன்.

செம்மொழி: வலிச்சுதா?

குந்தவை: வலிச்சுது. ஆனா அப்பா கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாங்களா... பதில் யோசிக்கிறப்ப கொஞ்சம் தெரியல. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.

செம்மொழி: மாட்டேன். பக்கத்து ரூம்ல சிஸ்டர் கட்டுப் போடுவாங்க, போ.

தியாகராசன்: வரலாங்களா?... மருந்துச் சீட்டை விட்டுட்டுப் போயிட்டேன்.

செம்மொழி: இந்தாங்க. தைரியமான பொண்ணு சார் உங்க பொண்ணு.

தியாகராசன்: அந்த டப்பாவை மொதல்ல சார்ஜுல போடுங்க டாக்டரம்மா. அடுத்து ஒரு கொழந்தை உக்காந்திருக்கு.

செம்மொழி: உங்களுக்கு எப்படி...

தியாகராசன்: முகத்தை மட்டும் பாக்கச் சொன்னீங்கள்ல. மூக்கோரமா நீல வெளிச்சம் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மொதல் கம்பிக்கு அப்புறம் அது இல்ல.

செம்மொழி: தெரிஞ்சேதான் அத்தனை கேள்வி கேட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இல்ல, வழக்கம்போல மயங்கியாவது விழுந்திருக்கலாம்.

தியாகராசன்: புள்ள இருட்டுல உக்காந்துக்கிட்டு எனக்காகக் கதை சொல்லுதுங்க. அதை முழுசாக் கேக்காம நான் எப்படிங்க விழறது?